நாற்பதைக் கடந்தவர்களுக்கும் ஐ.டி.ஐ. கதவு திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பைத் தங்கள் நாளிதழில் பார்த்தேன். பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை, ஆண்களுக்கு 40 வயது வரை. எனக்கு 46 நடக்கிறது. கடலூரில் ஒயரிங் மேஸ்திரி ஒருவரிடம் இரண்டு வருடமாகத் தொழில் பழகி வருகிறேன். அதனால் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் 21 வருடம் ஜவுளிக்கடையில் விற்பனையாளர். தீபாவளி சமயத்தில் ராத்திரி 12 மணி வரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டியிருக்கிறேன். கடையை மூடியபோது இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். மற்ற கடைகளில் ஏறி இறங்கினேன். எல்லோரும் முதலில் வயதைக் கேட்டார்கள், பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். பெரிய மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

என் மேஸ்திரிக்கு 31 வயது. என்னை 'அண்ணே' என்பார். நான் அவரை 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுகிறேன், தொழில் சொல்லித் தருகிறவர் அவர் அல்லவா. முதல் மூன்று மாதம் சுவரில் காடி வெட்டுவது, பைப் பதிப்பது, ஒயர் இழுப்பது, அவ்வளவுதான். நாள் கூலி 400 ரூபாய். ஏ.சி.க்கு ஏன் 4 சதுர மி.மீ. ஒயர், எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டு, ராத்திரி நோட்டில் வரைந்து பார்த்துத்தான் மண்டையில் ஏற்றினேன்.

சேர்ந்த ஆறாவது மாதம், 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரை புரண்டது. ஆற்றோரத்து வீடுகளில் பிளக் பாயிண்டுக்கு மேல் தண்ணீர் நின்று வடிந்திருந்தது. மெயினை அணைத்து, சுவிட்ச் போர்டைக் கழற்றி, சேற்றைக் கழுவி, காயவைத்து, மெக்கர் என்ற சோதனைக் கருவி வைத்து ஒயர் இன்சுலேஷன் பார்த்த பிறகே மேஸ்திரி கரண்ட் கொடுப்பார். மின்கசிவு இருந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற பெட்டி பல வீடுகளில் கிடையவே கிடையாது. ஒரு பாட்டி சுவிட்சைத் தொடவே பயந்து மூன்று நாளாக விளக்கேற்றிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெட்டி எதற்கு, எப்படி ஆளைக் காப்பாற்றும் என்று நிதானமாகச் சொன்னேன். மறுநாளே மகனிடம் சொல்லி வாங்கிப் போடவைத்தார். கடையில் 21 வருடம் பழகிய பேச்சு அன்று உதவியது. வயதானவர்களுக்கு இனிமேல் தொழில் வராது என்கிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வேலைக்குச் சேரும்போதே அரசு உதவி ஏதும் உண்டா என்று விசாரித்தேன். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் குறைந்தபட்ச வயதுதான் சொல்லியிருக்கிறது, உச்ச வயது இல்லை. ஆனால் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய அரசு தன் பங்காக அப்போது தந்த உதவித்தொகை, மாதம் 1,500 ரூபாய் வரை, 35 வயதுக்காரர்களோடு நின்றுவிட்டது. ஐ.டி.ஐ.யும் 40-உடன் சரி. இத்தனைக்கும் ஐ.டி.ஐ.களைக் கவனிக்கும் அதே வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைதான் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வையும் நடத்துகிறது. அதற்கு 21 வயது நிறைந்து, 5 வருட ஒயரிங் அனுபவம் இருந்தால் போதும், உச்ச வயது வரம்பு கிடையாது. ஐம்பதிலும் பரீட்சை எழுதலாம், அதற்குப் படிக்க மட்டும் இடம் இல்லை என்றால் எப்படி?

பெண்களுக்கு வரம்பை எடுத்தது நல்ல முடிவு. அதை ஆண்களுக்கும் கொடுங்கள். பகல் வகுப்பு எங்களுக்குச் சரிப்படாது, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். கடலூர் அரசு ஐ.டி.ஐ.யில் மாலை 6 மணிக்கு மேல், வாரம் மூன்று நாள், வயது பார்க்காமல் எலக்ட்ரீஷியன் வகுப்பு நடத்தினால் போதும். மேஸ்திரியிடம் கை பழகிவிடும். கணக்கும் விதிகளும் சொல்லித்தர ஆள் வேண்டும். என்னோடு வேலை பார்க்கிறவர்களில் இன்னும் இரண்டு பேர், ஒருவர் பழைய லாரி டிரைவர், வகுப்பு ஆரம்பித்தால் மறுநாளே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு ஐந்து வருட அனுபவம் முடிய இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. 49 வயதில் அந்தத் தேர்வை எழுதப் போகிறேன். மாவட்ட நிர்வாகம் அதற்குள் இந்த வகுப்பைத் தொடங்க வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒயரிங் உதவியாளர் ஒருவர்,
புதுப்பாளையம், கடலூர்