பட்டம் இல்லாத டீச்சருக்கு

அன்புள்ள தோழிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இரண்டு தடவை பதில் எழுத உட்கார்ந்து பாதியில் கிழித்துப் போட்டேன். பட்டம் இல்லாமல் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா என்று நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டுமானால், இத்தனை வருஷம் உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதுதான் தாமதம்.

வெளிநாட்டில் டீச்சர் வேலை வாங்கித் தருகிறேன் என்ற அந்த ஏஜென்சிக்காரர் பேசியதை நீ அப்படியே எழுதியிருந்தாய். “டிகிரி இல்லாவிட்டால் பரவாயில்லை மேடம், டூரிஸ்ட் விசாவில் போய் இறங்குங்கள், சேர்ந்த பிறகு பள்ளியே மாற்றிக்கொடுத்துவிடும்.” படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. இதே பேச்சை நான் 2013-இல் கேட்டிருக்கிறேன். அதே தாய்லாந்து, அதே மழலையர் வகுப்பு. அந்த ‘மேடம்’கூட மாறவில்லை.

அப்போது உனக்கு நான் எழுதிய கடிதங்களில் குழந்தைகள் இருந்தார்கள், சந்தை இருந்தது, ஆறு இருந்தது. இது மட்டும் இல்லை. பள்ளி வடகிழக்கு மாகாணம் ஒன்றில் இருந்தது, பெயர் வேண்டாம். என்னிடம் பட்டம் இருந்தும், அதற்குச் சான்றொப்பம் வாங்கி, வேலைக்கு வருகிறவர்களுக்கான நான்-பி விசாவுக்குக் கடிதம் கொடுத்து, ஒர்க் பெர்மிட் எடுத்துத் தரப் பள்ளிக்கு மனமில்லை. செலவு, அலைச்சல். “பேப்பர் நகர்ந்துகொண்டிருக்கிறது” என்பார்கள். எங்கே நகர்ந்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

சுற்றுலா விசா 60 நாள். நீட்டித்தால் இன்னும் 30. அது தீர்கிற வாரம், புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் எல்லை ஊரான நோங்காய்க்குப் பேருந்து ஏறுவேன். காலையில் நட்புறவுப் பாலத்தில் மீகாங் ஆற்றைத் தாண்டினால் லாவோஸ். அதன் தலைநகர் வியன்டியனில் தாய்லாந்துத் தூதரக வாசலில் வரிசை. அன்றைக்கு விண்ணப்பித்தால் மறுநாள் மதியம் புது விசாவோடு பாஸ்போர்ட் கைக்கு வரும். அந்த வரிசையில் பாதிப் பேர் டீச்சர்கள்தான். ஒருத்தி திருத்தாத தேர்வுத்தாள் கட்டோடு நின்று, முழங்கால் மேல் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை போனபோது விசாவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். இனி இதே விசா கேட்டு இங்கே வந்து நிற்காதே என்று அர்த்தம்.

அப்புறம் இரண்டு வாரத்தில் தொழிலாளர் துறை ஆட்கள் பள்ளிக்குச் சோதனைக்கு வந்தார்கள். அலுவலகப் பெண் வகுப்புக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சமையலறைக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். இரண்டு மணி நேரம். கையில் போர்டு மார்க்கர் இருந்தது, மூடி வகுப்பிலேயே கிடந்தது. மை காய்ந்துவிடக் கூடாதே என்று முனையைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டே இருந்தேன். என்ன புத்தியோ, அந்த நேரத்தில் அதுதான் பெரிய கவலையாக இருந்தது. வெளியே வந்தபோது விரல் முழுக்க நீலம். மறுநாள் ஒரு வாண்டு என் விரலைப் பார்த்துவிட்டு, “டீச்சா, ஹைட் அண்ட் சீக்?” என்று கேட்டான். முந்தின வாரம் நான் சொல்லிக்கொடுத்த விளையாட்டு. ஆமாம் என்றேன்.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். கடைசிச் சம்பளம் வரவில்லை. யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வியே ‘உன் பெர்மிட் எங்கே’ என்பதாகத்தான் இருக்கும். பள்ளிக்கும் அது நன்றாகத் தெரியும்.

இப்போது அங்கே உள்ள சட்டப்படி, பெர்மிட் இல்லாமல் வேலை பார்த்துப் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், கூடவே நாடு கடத்தல். வேலை கொடுத்தவருக்கும் ஓர் ஆளுக்கு 10,000 முதல் 1,00,000 பாட் வரை உண்டு. ஆனால் பள்ளி அபராதத்தைக் கட்டிவிட்டு மறுநாள் காலை மணியடித்துவிடும். பெட்டி கட்டுகிறவள் டீச்சர்தான். சீனாவில் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் போடுவார்கள், விஷயம் பெரிதென்றால் 5 முதல் 15 நாள் உள்ளேயும் வைப்பார்கள். ‘சம்பளம் என்று போடாமல் தன்னார்வலர் என்று போட்டுக்கொள்ளலாம்’ என்று உன் ஏஜென்சிக்காரர் அடுத்து சொல்வார் பார். தாய்லாந்தில் சம்பளமில்லாத வேலைக்கும் பெர்மிட் வேண்டும்.

சரி, உன் கோபத்துக்கு வருகிறேன். ஒன்பது வருஷமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறவளிடம் பட்டம் கேட்பது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறாய். நியாயமே இல்லை. என் பட்டம் எதில் என்று உனக்குத் தெரியும். விலங்கியல். தவளையை அறுத்துக் காட்டியதற்குக் கொடுத்த காகிதத்தை வைத்துத்தான் இத்தனை வருஷமாக ஆங்கிலம் கற்பித்துச் சம்பளம் வாங்குகிறேன். பெரும்பாலான நாடுகளில் என்ன படித்தாய் என்று இமிகிரேஷனில் கேட்பதில்லை, பட்டம் உண்டா என்றுதான் கேட்கிறார்கள். பள்ளி முதல்வர் உன் வகுப்பில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் உன்னை விடமாட்டார். விசா கொடுக்கிற அதிகாரி உன் வகுப்பைப் பார்க்கப் போவதில்லை. அவருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் போட ஒரு காகிதம் வேண்டும். பள்ளிக்கு ஆள் அவசரம், சட்டத்துக்குக் காகிதம் அவசியம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் உன் ஏஜென்சிக்காரர் கடை விரித்திருக்கிறார்.

தென் கொரியாவை விட்டுவிடு. அங்கே மொழி கற்பிக்கிறவர்களுக்கான ஈ-2 விசாவுக்குப் பட்டமும் வேண்டும், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழில் ஒன்றின் பாஸ்போர்ட்டும் பொதுவாக வேண்டும். 2007 அக்டோபரில், கொரியாவில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு கனடாக்காரர் சிறுவர்கள் மீதான குற்றத்துக்காகத் தாய்லாந்தில் கைதானார். அந்த வருஷ டிசம்பரிலேயே குற்றப் பின்னணிச் சான்றும் மருத்துவச் சோதனையும் கட்டாயமாகிவிட்டன. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, குழந்தைகள் விஷயம். சீனாவும் ஏறக்குறைய இதே கதை. ஆங்கிலம் தாய்மொழியான நாட்டுப் பாஸ்போர்ட், பட்டம், அதற்கு மேல் இரண்டு வருஷ அனுபவமோ 120 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழோ கேட்பார்கள். போதாததற்கு 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சிக்குக் கடிவாளம் போட்டதில் டியூஷன் நிறுவனங்கள் வரிசையாக மூடின.

தாய்லாந்துக்கே முறைப்படி போகலாமே என்பாய். பள்ளியில் கற்பிக்க ஆசிரியர் உரிமம் வேண்டும். கல்வியியல் படிக்காதவர்களுக்குத் தற்காலிக அனுமதி தருவார்கள், ஆனால் அதற்கும் ஏதாவது ஒரு பட்டம் இருந்தாக வேண்டும். தவளைப் பட்டமானாலும் சரி.

கம்போடியா மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே வேலைக்கு வருகிறவர்கள் எடுக்கிற ஈ வகை விசாவில் இறங்கி, வேலைக் கடிதத்தோடு அதை ஒரு வருஷத்துக்கு நீட்டித்து, ஒர்க் பெர்மிட்டும் எடுத்துக்கொள்ளலாம். பட்டத்தை விசாவுக்கான நிபந்தனையாகப் பிடித்துத் தொங்குவதில்லை. ஆனால் நல்ல பள்ளிகள் தாங்களாகவே பட்டம் கேட்கின்றன. மீதி இடங்களில் மணிக்கணக்குச் சம்பளம், பள்ளி விடுமுறை என்றால் உனக்கும் பட்டினி. அங்கே போவதாக இருந்தால் பெர்மிட் எடுத்துத் தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போ. வாய்ச்சொல்லை நம்பாதே.

இனி நான் உண்மையாகச் சொல்ல வந்தது. ஜப்பான். நான் இப்போது இருக்கிற இங்கே, தனியார் ஆங்கில உரையாடல் பள்ளிகளில் கற்பிக்கிறவர்களுக்குக் கொடுக்கும் குடியிருப்பு அனுமதியின் விதியை நீ ஒரு தடவை நிதானமாகப் படிக்க வேண்டும். மொழி கற்பிக்கிற வேலைக்குப் பட்டம் இருந்தால் சரி, இல்லையென்றால் அதே துறையில் மூன்று வருஷ அனுபவம் இருந்தாலும் சரி என்றுதான் விதி சொல்கிறது. சம்பளமும் ஒரு ஜப்பானியருக்கு அந்த வேலைக்குக் கொடுப்பதற்குக் குறையக் கூடாது. அரசுப் பள்ளிக்கான அனுமதி வேறு வகை, அதற்கு 12 வருஷம் ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது, அது நமக்கு வேண்டாம்.

மூன்று வருஷம்தான் கேட்கிறார்கள், உன்னிடம் ஒன்பது இருக்கிறது. துள்ளிக் குதிக்காதே, இன்னும் முடியவில்லை. அனுபவம் என்றால் உன் தொண்டையில் இருக்கிற அனுபவம் இல்லை, காகிதத்தில் இருக்கிற அனுபவம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, முழுநேரமா, வாரம் எத்தனை மணி நேரம், யாருக்கு என்ன பாடம் என்று லெட்டர்பேடில் கையெழுத்தோடு கடிதம் வேண்டும். நீயோ மூன்று சென்டர்களிலும் சம்பளத்தை உறையில் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவள். அதில் ஒன்று மூடியே போய்விட்டது என்று எழுதியிருந்தாய். அந்த முதலாளியை முதலில் தேடிப் பிடி. ஆள் இருக்கும்போதே வாங்கிவிடு. வங்கிக் கணக்கில் வரவு, பழைய அட்டவணை, மாணவர் சேர்க்கை நோட்டீஸில் உன் பெயர் என்று எது கிடைத்தாலும் எடுத்து வை.

இதில் இன்னொரு சிக்கல், விண்ணப்பத்தை இங்கே இருக்கிற பள்ளிதான் போட வேண்டும். குடிவரவுத் துறை தருகிற தகுதிச் சான்றிதழ் கிடைக்க ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும், அதற்குப் பிறகுதான் விசா. பட்டம் உள்ள ஆள் வந்தால் ஒரே காகிதத்தில் முடிகிற வேலை, உனக்கென்றால் ஒரு கட்டு. அந்தக் கட்டைச் சுமக்கத் தயாராக இருக்கிற பள்ளி அமைவது எளிதில்லை. தாய்மொழிக்காரர்தான் வேண்டும் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கே சொல்லியிருக்கிறார்கள்.

ஆங்கிலம் கற்பிப்பதற்கான செல்டா சான்றிதழ் படிக்கட்டுமா என்று கேட்டாய். படி. அதில் சேரப் பட்டம் கட்டாயமில்லை. 120 மணி நேரப் பாடம், அதில் ஆறு மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு முன்னால், பின்வரிசையில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, நீ நின்று கற்பிக்க வேண்டும். வாரக்கடைசியில் இணையத்தில் விற்கிற ‘120 மணி நேர’ காகிதமும் இதுவும் ஒன்றில்லை. ஆனால் எந்தச் சான்றிதழும் பட்டத்தின் கட்டத்தில் டிக் வாங்கித் தராது, அதையும் தெரிந்துகொண்டு பணத்தைக் கட்டு. போலிப் பட்டம் பற்றி நீ கேட்கவில்லை, ஏஜென்சிக்காரர் கேட்பார். இன்றைக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று), சான்றொப்பம் என்று பல்கலைக்கழகம்வரை சரிபார்த்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சு எடுத்தால் எழுந்து வந்துவிடு.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்காதே. உனக்கு நின்றுபோனது எத்தனை பேப்பர்? அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன அந்த செமஸ்டரில் மூன்று என்று எனக்கு ஞாபகம். பழைய அரியரை எழுத வாய்ப்பு உண்டா என்று பல்கலைக்கழகத்தில் ஒரு தடவை விசாரித்தால் என்ன? இல்லையென்றால் தொலைவழியில் புதிதாகச் சேரலாம், ஆனால் வளைகுடாவில் சில நாடுகளில் நேரடியாகப் படித்ததா தொலைவழியா என்று கேட்பார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள். மூன்று பேப்பருக்காக மூன்று வருஷம் படிக்க வேண்டாமே என்றுதான் முதலில் விசாரிக்கச் சொல்கிறேன்.

இங்கே என் பாடு வழக்கம்போல். கண்ணாடி பவர் ஏறிவிட்டது. எழுபதைத் தாண்டிய ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார், ‘ஏ’ எங்கே வரும் ‘தி’ எங்கே வரும் என்று வாராவாரம் என்னைத் திணறடிக்கிறார். போன வாரம் சமாளிக்க முடியாமல், விடுதி மொட்டை மாடியில் எனக்கு நீ சொன்ன வாளி உதாரணத்தை எடுத்துவிட்டேன்: முதல் தடவை ‘ஒரு வாளி’, இரண்டாம் தடவை ‘அந்த வாளி’. மனிதர் நோட்டில் வாளிப் படமே வரைந்துகொண்டார்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். சென்டர் முதலாளிகளிடம் அனுபவக் கடிதம் எந்த வடிவத்தில் வாங்க வேண்டும் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, நானே எழுதியது. கொடுப்பதற்கு முன்னால் நீ ஒரு தடவை படித்துத் திருத்திவிடு. மூன்றாம் வரியில் ஏதோ இடிக்கிறது, என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி