அரசாங்கத்தின் பணத்துக்கும் என்னிடம் தரகா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை வணிகப் பக்கத்தில், இணையத்தில் பொருள் விற்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. மருமகள் சத்தமாகப் படிக்க, நான் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே கேட்டேன். "வரியைச் செலுத்துபவர் வாடிக்கையாளர்தான், விற்பவருக்கு அதனால் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை" என்ற வாக்கியம் வந்ததும் கை நின்றுவிட்டது. மறுபடியும் படி என்றேன். அதேதான் எழுதியிருந்தது. என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற நாளிதழ் இது. வேறு எங்காவது படித்திருந்தால் விட்டிருப்பேன்.

சென்னிமலையில் எங்களுக்கு நான்கு குழித்தறிகள். 2020 ஊரடங்கில் ஈரோட்டு ஜவுளிச் சந்தை மூடிக் கிடந்தபோது, நெய்த போர்வைகள் வீட்டு நடையில் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. மருமகள்தான் இணையத்தில் விற்கலாம் என்றாள். அன்றிலிருந்து விற்கிறோம். அதனால் பிழைத்தோம் என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் மாதாமாதம் வருகிற கணக்குத் தாளை வரி வரியாகப் பார்க்கிறவள் நான்.

ஒரு போர்வை 800 ரூபாய். அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 40 ரூபாய். வாங்குபவர் கொடுப்பது 840. அந்த 40 ரூபாய் அரசாங்கத்தின் பணம். நான் அதைக் கையில் வாங்கி அடுத்த மாதம் கட்டுகிறவள், அவ்வளவுதான். ஆனால் நாங்கள் விற்கும் இணையத் தளம் தன் 15 சதவீதக் கமிஷனை 800 ரூபாய்க்குப் போடுவதில்லை, 840-க்குப் போடுகிறது. 120 ரூபாய் பிடிக்கவேண்டிய இடத்தில் 126 ரூபாய். அந்தக் கமிஷன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. 40 ரூபாயை முழுதாக நான் அரசுக்குக் கட்டியாகவேண்டும், ஒரு பைசா குறைத்தால் நோட்டீஸ் வரும். அப்படியானால் அந்த 6 ரூபாய் யாருடையது? போர்வையின் விலையிலிருந்து, என் தறிக்காரர் கூலியிலிருந்து போகிறது. தீபாவளி மாதத்தில் 300 போர்வை போனது. 1,800 ரூபாய். தார் சுற்ற வரும் பெரியம்மாவுக்கு ஒரு வாரம் நான் கொடுக்கும் கூலியைவிட அது அதிகம். செலவில்லை என்று எழுதியவர் இதை எந்தக் கணக்கில் வைப்பார்?

இதைவிட என்னைக் கொதிக்கவைத்தது வேறொன்று. பெரிய கட்டிலுக்கான கனத்த விரிப்பு ஒன்று நெய்கிறோம், வரி நீங்கலாக 2,600 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட விரிப்புகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வாங்குபவர் கொடுக்கும் தொகை 2,912-லிருந்து 3,068 ஆயிற்று. விற்பனை குறைந்தது, அந்த வருத்தம் ஒருபுறம். அரசு வரியை ஏற்றியதும் தளத்தின் கமிஷனும் தானாக ஏறிக்கொண்டது, ஒரு விரிப்புக்கு 23 ரூபாய் 40 காசு. அவர்கள் கூடுதலாக என்ன வேலை செய்தார்கள்? நூலுக்கு நாங்கள் கொடுத்த விலை குறைந்ததா, நாடா போடுகிற கைக்கு வலி குறைந்ததா?

அரசாங்கமே இதில் நியாயமாக நடந்துகொள்கிறது. இணையத்தில் விற்பவர்களிடம் தளங்கள் அரசுக்காகப் பிடித்துக் கட்டுகிற டிசிஎஸ் தொகை 2024 ஜூலை முதல் அரை சதவீதம். அதை வரி நீங்கிய மதிப்புக்குத்தான் கணக்கிடவேண்டும் என்பது சட்டம். ஆக அதே கணக்குத் தாளில், அரசுக்குப் பிடிக்கும்போது 800 ரூபாய், தங்களுக்குப் பிடிக்கும்போது 840 ரூபாய். வரியைப் பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

கமிஷன்மேல் கட்டும் ஜிஎஸ்டியை, நான் அரசுக்குக் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாமே என்று படித்தவர்கள் சொல்வார்கள். கழித்துக்கொள்ளலாம்தான். ஆனால் எங்கள் போர்வைக்கு வரி 5 சதவீதம். கமிஷனுக்கும் கூரியருக்கும் 18. நூலுக்குக் கட்டியதையும் சேர்த்தால் கழிக்கவேண்டியது கட்டவேண்டியதைவிட அதிகமாகி, ஏட்டில் தேங்கி நிற்கிறது. வாங்கிய சரக்குக்கான வரி தேங்கினால் திரும்பக் கேட்கலாம், சேவைக்குக் கட்டியது தேங்கினால் கேட்கமுடியாது. 2021 செப்டம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. இவையெல்லாம் தாங்கள் அறியாதது இல்லை. ஆகவே அந்த 6 ரூபாய்மேல் விழும் ஒரு ரூபாய் எட்டுக் காசும் என்னைப் பொறுத்தவரை போனதுதான்.

மருமகள் மூன்று முறை புகார் எழுதினாள். மூன்று முறையும் ஒரே பதில்: கட்டணம் விதிகளின்படியே வசூலிக்கப்படுகிறது. ஈரோட்டில் எங்கள் ஆடிட்டரைக் கேட்டேன். "அம்மா, அது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள ஒப்பந்தம், பதிவு செய்யும்போது சம்மதித்துவிட்டீர்கள்" என்றார். சம்மதம் என்றால் பேசி முடிவு செய்வதல்லவா? காங்கயம் மாடு விற்கிற கண்ணபுரம் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது, ஆனால் விற்பவருக்குத் தெரியும். ஒப்பாவிட்டால் கையை இழுத்துக்கொள்ளலாம். இங்கே என் கையைக் காட்டக்கூட இடமில்லை.

என் கணவர் இருந்தவரை திங்கட்கிழமை இரவு மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஈரோட்டுச் சந்தைக்குப் போவார். சுங்கம் கொடுத்தார், தரகு கொடுத்தார். துணியின் விலைக்குத் தரகு கேட்ட மனிதர்களைப் பார்த்திருக்கிறோம். வரிக்கும் சேர்த்துத் தரகு கேட்டவரை அவர் காலத்தில் கண்டதில்லை.

எங்கள் நாட்டோடு இது நிற்கவுமில்லை. பவானியில் என் தம்பி மகன் வெளிநாட்டுத் தளம் ஒன்றின் வழியாக அமெரிக்காவுக்கு ஜமக்காளம் விற்கிறான். அங்கே விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 2018 ஜூனில் வேஃபேர் என்ற இணைய வணிக நிறுவனத்தின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, வரியைத் தளங்களே வாங்குபவரிடம் வசூலித்துக் கட்டவேண்டும் என்று மாநிலங்கள் சட்டம் செய்துகொண்டன. அந்தப் பணம் அவன் கண்ணில்கூடப் படுவதில்லை. ஆனாலும் கட்டணம் வரியும் சேர்ந்த மொத்தத்துக்கு. ஒரேகானில் விற்பனை வரி கிடையாது. கலிபோர்னியாவில் குறைந்தது 7.25 சதவீதம். ஒரே தறியில், ஒரே விலைக்கு விற்ற இரண்டு ஜமக்காளம். கலிபோர்னியாவுக்குப் போனதற்கு அவனுக்குக் குறைவாகப் பணம் வந்தது. வாங்கியவர் குடியிருக்கும் ஊருக்காக நெய்தவன் ஏன் இழக்கவேண்டும்?

எழுத உட்கார்ந்தபின் மற்றவையும் மேலே வருகின்றன. புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தின் பெயரில் விசைத்தறித் துணி இதே தளங்களில் பாதி விலைக்கு நிற்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமக்காளத்தையும் படுக்கை விரிப்பையும் கைத்தறிக்கென்று ஒதுக்கியிருக்கிறது. புகார் செய்தால் அதற்கும் அதே விதிகளின்படி என்கிற பதில்தான். கல்யாண வீட்டில் விரித்து, மஞ்சள் கறையோடு திருப்பி அனுப்பிய விரிப்பை நாங்கள் வாங்கிக்கொண்டோம். வாங்கியவருக்கு முழுப் பணமும் போயிற்று. திரும்பி வந்த கூரியர் கூலி எங்கள் தலையில் விழுந்தது. அன்றிரவு அந்தக் கறையை மூன்று முறை துவைத்தும் போகவில்லை.

இவற்றையெல்லாம் தாங்கள் தீர்க்கமுடியாது என்று தெரியும். நான் கேட்பது இரண்டுதான். "ஒரு ரூபாய்கூடச் செலவில்லை" என்ற வாக்கியத்துக்கு, அது வந்த அதே பக்கத்தில் நான்கு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். கமிஷன் எந்தத் தொகைக்குக் கணக்கிடப்பட்டது, அதில் வரி எவ்வளவு என்பதைக் கணக்குத் தாளில் தனியாகக் காட்டச் சொல்லி ஒரு நாள் தலையங்கத்தில் எழுதுங்கள். சென்ற மூன்று மாதத் தாள்களின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். 40 ரூபாய் வருகிற இடங்களில் மருமகள் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறாள். கட்டுரை எழுதியவரிடம் அதைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.