சான்றிதழ் கேட்பவரே கட்டணத்தையும் கட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பார்வை கிடையாது. விடைத்தாள் திருத்த, மதிப்பெண் பதிவேட்டைச் சரிபார்க்க, வந்து குவியும் கடிதங்களைப் படித்துக்காட்ட ஒரு வாசிப்பாளரை வைத்திருக்கிறேன். சம்பளம் என் கையிலிருந்துதான். இந்த ஆண்டு அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: இப்படி வெளியிலிருந்து வருகிறவர்கள் காவல் துறை சரிபார்ப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், செலவைச் சம்பந்தப்பட்ட ஆசிரியரே பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை, இரண்டாம் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

கணினி பேசுகிறதே, இன்னும் எதற்கு ஆள் என்று கேட்கிறார்கள். பேசுகிறது, திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, யூனிகோடில் தட்டச்சு செய்திருந்தால் அரசாணையைக் கூட மடமடவென்று படித்துவிடும். ஆனால் அதே அரசாணையை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்பினால் அது வெறும் படம், மென்பொருள் வாயே திறக்காது. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு என்றால் இன்னும் வேடிக்கை, தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஏதோ உளறிக்கொண்டே போகும். மாணவர்களின் கையெழுத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதற்கு மனிதக் கண்தான் வேண்டும்.

அந்தக் கண் நம்பகமானதாக இருக்க வேண்டும் என்பதில் கல்லூரியை விட எனக்குத்தான் அக்கறை அதிகம். வங்கியிலிருந்து வரும் கடிதம், மருத்துவ அறிக்கை, ஓடிபி எல்லாம் அவர் கண் வழியாகத்தான் எனக்கு வருகிறது. ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டுப் படித்தால் எனக்கு எப்படித் தெரியும்? அதனால் விசாரிக்கட்டும், தாராளமாக விசாரிக்கட்டும். (ஆனால் அந்தச் சான்றிதழ் சொல்வது, முகவரி சரிதானா, காவல் துறைப் பதிவுகளில் அவர் மேல் வழக்கு இருக்கிறதா என்பதை மட்டும்தான். தூக்கக் கலக்கத்தில் மூன்று பக்கம் தாண்டிவிட்டு, சாவகாசமாக ‘அவ்வளவுதான் சார்’ என்பவரைப் பிடிக்க எந்த ஸ்டேஷனிலும் ரிஜிஸ்டர் கிடையாது.)

சான்றிதழ் கட்டணம் சின்னத் தொகைதானே சார், இதற்குப் போய்ப் பத்திரிகைக்கு எழுதுவார்களா என்றார் ஒரு நண்பர். கணக்கு அங்கே முடிவதில்லை. படித்துக்காட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் முதுகலை படிக்கும் பெண்கள், படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்தோ கல்யாணம் ஆகியோ போய்விடுவார்கள், அப்புறம் புது ஆள், புதுச் சான்றிதழ். பிரவுசிங் சென்டரில் ஆதாரை ஸ்கேன் செய்து விண்ணப்பம் போடுவது ஒரு வேலை. பிறகு விசாரணைக்கு வீட்டு வாசலில் போலீஸ் பைக் வந்து நிற்கும். எதிர்வீட்டுக்காரர் ‘என்ன விஷயம்?’ என்று கேட்ட அன்றே எனக்குப் படித்துக்காட்டிய பெண்ணின் அம்மா எனக்குப் போன் செய்து, ரொம்பத் தன்மையாகவே, ‘வேற யாரையாவது பாத்துக்கோங்க சார்’ என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சொற்பக் காசுக்கு ஒரு நல்ல பெண் சாயங்காலம் வந்து படித்துக்கொண்டிருந்தாள், அதுவும் போயிற்று. எங்கள் அலுவலகத்தில் இதே பதிவேடுகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகும் தினக்கூலி ஆட்களிடம் இன்றுவரை யாரும் எந்தச் சான்றிதழும் கேட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊழியருக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டை அரசு நிறுவனம் செய்து தர வேண்டும் என்று 20-வது பிரிவில் சொல்கிறது. அரசு உதவி பெறும் அமைப்புகளும் அந்த வரையறைக்குள் வருகின்றன. ஆகவே வாசிப்பாளர் என்பது நிர்வாகம் எனக்குப் போடும் பிச்சை இல்லை, செய்து தர வேண்டிய ஏற்பாடு. அதற்கு ஒரு நிபந்தனை வைத்தால், நிபந்தனைக்கான செலவும் அந்த ஏற்பாட்டில்தானே சேரும்? அமெரிக்காவின் 1990-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வேலை தருபவர் செய்யக்கூடிய ஏற்பாடுகளில் வாசிப்பாளரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்தச் சட்டத்தின்படி அரசு அமைப்புகள் இப்படிப்பட்ட ஏற்பாடுகளின் செலவைத் தனிக் கட்டணமாக மாற்றுத்திறனாளியின் தலையில் கட்டவும் முடியாது.

சரி, வீட்டில் என் சொந்தக் கடிதங்களைப் படிக்க வருகிறவரை விசாரிப்பதற்கும் அரசா பணம் தரும் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். சம்பளம் வாங்குகிற நான் அதைக் கட்டிக்கொள்கிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் எங்கே போவான்? வாசிப்பாளருக்கென்று அரசு தரும் உதவித்தொகை வாசிப்பாளருக்கே போதாது, அதிலிருந்து கட்டணத்தையும் கட்டச் சொன்னால் விசாரிக்காமலே யாரையாவது பிடித்துக்கொள்வான். வாசிப்பாளரையே கட்டச் சொல்வது அதைவிட மோசம். உதவ வருகிறவரிடம் முதலில் பணம் எடுத்து வை என்றால் அடுத்த நாள் யார் வருவார்?

இதற்குப் பெரிய திட்டமெல்லாம் தேவையில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் விருப்பமுள்ளவர்களின் பெயரை வாங்கி, ஒரே முறை சரிபார்த்து, ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். கல்லூரியோ மாணவனோ அதிலிருந்து ஆளை எடுத்துக்கொள்வார்கள், ஒவ்வொரு இடத்துக்கும் புதிதாக விசாரணை வேண்டியதில்லை. பட்டியலில் சேருகிறவர்களுக்குக் கட்டணத்தையே காவல் துறை தள்ளுபடி செய்துவிடலாம். நலத் துறை கட்டிக் காவல் துறை வாங்கினாலும், பணம் ஒரே சட்டையின் இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குத்தான் போகப்போகிறது.

பட்டியல் வரும்போது வரட்டும். இப்போதைக்கு எங்கள் சுற்றறிக்கையில் ‘சம்பந்தப்பட்ட ஆசிரியரே’ என்ற இடத்தில் ‘நிர்வாகமே’ என்று திருத்திக் கொடுத்தால் போதும். முதல்வரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு தமிழ் உதவிப் பேராசிரியர்
திருச்சி
(பெயர் வெளியிட வேண்டாம்)