செயலாளர் ஆண்டறிக்கை: 'அனெர்கென்னுங்' வாசித்த வருடம்

உறவுகளுக்கு வணக்கம். இந்த வருடம் நம் வாசகர் வட்டம் எட்டுத் தடவை கூடியது, எட்டிலும் ஒரே ஆளைத்தான் வாசித்தோம், ஜெர்மன் தத்துவவாதி அக்செல் ஹொன்னெத். போன பொதுக்கூட்டத்தில் இதை நான் முன்மொழிந்தபோது டொச் (ஜெர்மன்) தத்துவம் நமக்கு விளங்குமா என்று சிலர் தயங்கினீர்கள். சரி, இரண்டு சந்திப்புப் பார்ப்போம் என்று தொடங்கியதுதான்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1949இல் எசன் நகரில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ரூர் பகுதியில், ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். இன்னொரு பெரிய ஜெர்மன் தத்துவவாதியான ஹேபர்மாஸிடம் உதவியாளராக இருந்தார், 1996இல் இங்கே பிராங்க்பேர்ட்டுக்குப் பேராசிரியராக வந்தார், 2001 முதல் 2018 வரை சமூக ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். 2011 முதல் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். அந்த நிறுவனம் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு: பிள்ளைகளை டைனோசர் எலும்பு பார்க்கக் கூட்டிப்போவோமே, செங்கன்பெர்க் அருங்காட்சியகம், அதே தெருதான்.

1992இல் வந்த அவருடைய முக்கியமான நூலின் தலைப்பிலேயே 'அனெர்கென்னுங்' என்ற சொல் இருக்கிறது. நான் அங்கீகாரம் என்று மொழிபெயர்த்து வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா இடைமறித்து, "இது எங்கட அகதிக் கடிதத்தில வந்த சொல்லெல்லோ" என்றார். உண்மைதான், அகதி விண்ணப்பத்தை ஏற்றாலும் சரி, ஊரில் படித்த படிப்பை ஏற்றாலும் சரி, இங்கே அதே சொல்தான். அடுத்த சந்திப்புக்கு அந்தக் கடிதத்தையே கொண்டுவந்தார். நாலாக மடித்த இடத்தில் எழுத்து அழிந்து போயிருந்தது, அந்த ஒரு சொல்லுக்குக் கீழே மட்டும் நீலப் பேனாவால் கோடு.

பழைய ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் இளவயது எழுத்துகளிலிருந்து ஹொன்னெத் எடுத்து வளர்ப்பது இதுதான்: மனிதன் தன்னைத் தானே தனியாக மதித்துக்கொள்ள முடியாது, மற்றவர் மதித்தால்தான் அது உள்ளே ஊறும். வீட்டில் கிடைக்கும் அன்பு தன்னம்பிக்கையைத் தருகிறது, சட்டம் தரும் உரிமை சுயமரியாதையை, நம் உழைப்புக்கும் திறமைக்கும் சமூகம் தரும் மதிப்பு நாமும் பெறுமதியான ஆள் என்ற உணர்வை. இதில் ஒன்று மறுக்கப்படும்போது வருகிற அவமான உணர்விலிருந்துதான் போராட்டங்கள் பிறக்கின்றன என்கிறார். அக்காவுக்குக் கடிதம் இரண்டாவதைக் கொடுத்தது. மூன்றாவது இன்னும் வரவில்லை என்று அவரே சொன்னார், அதிகாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை அவருடையது, வேளைக்கே வருபவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லையாம்.

அமெரிக்கத் தத்துவவாதி நான்சி பிரேசரோடு ஹொன்னெத் நடத்திய விவாதம் 2003இல் நூலாக வந்தது, அதை வாசித்த அன்றுதான் சத்தம் கூடிய சந்திப்பு. பணமும் வளமும் சரியாகப் பங்கிடப்படாத அநீதியை மதிப்புப் பிரச்சினைக்குள் அடக்கிவிட முடியாது என்பது பிரேசர் வாதம். எந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம் என்பதிலேயே யாருடைய உழைப்பை மதிக்கிறோம் என்ற தீர்ப்பு இருக்கிறது என்பது ஹொன்னெத் வாதம். எனக்கு ஹொன்னெத் சொல்வதே சரியாகப் படுகிறது, ஆனால் வாடகை ஏறும்போது பிரேசர்தான் நினைவுக்கு வருகிறார் என்று பொருளாளர் சொன்னதையும் தள்ள முடியவில்லை.

கடைசியாக 2023இல் வந்த, உழைக்கும் குடிமக்களைப் பற்றிய ஹொன்னெத்தின் நூல். வேலை ஆளின் நேரத்தையும் தெம்பையும் உறிஞ்சிவிட்டால், வேலையிடத்தில் வாய் திறக்கவே இடமில்லாவிட்டால், அவர் எப்படி மக்களாட்சியில் பங்கெடுப்பார் என்று கேட்கிறார். இதை வாசித்த அன்று, நாம் எப்போதும் கூடும் சனி பின்னேரம் முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை செய்பவர்கள் ஒருவரும் வர முடியாத நேரம் என்று ஒரு தம்பி சுட்டிக்காட்டினார். ஐந்து வருடமாக அந்த நேரத்தை வைத்திருந்தது நான்தான், இதை யோசிக்கவே இல்லை. அதனால் கடைசி இரண்டு சந்திப்புகளும் ஒன்று சனி பின்னேரமும் மற்றது ஞாயிறு காலையும் நடந்தன, நாலு புது முகங்கள் வந்தார்கள்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இப்படி மாறி மாறிக் கூடுவதை நிரந்தரமாக்கும் தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன், வேலை அட்டவணையோடு வந்திருப்பவர்கள் வாக்கெடுப்புக்கு முன் உங்களுக்கு வசதியான நாட்களைச் சொல்லுங்கள்.