தையல் முந்திக்கொண்டால்

திருப்பூர்
ஆடி 2ஆம் வெள்ளி

அன்புள்ள மாப்ள,

உன் கடுதாசி செவ்வாய்க்கிழமை வந்தது. போனில் நாலு வார்த்தை பேசினால் ஆகாதா என்று வீட்டுக்காரி கேட்கிறாள். கைக்கடுதாசிக்குக் கைக்கடுதாசிதான் பதில், அது நம்ம ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கண்ணபுரத்தில் பிடித்து வந்த காளை கொறங்காட்டில் நின்று மேய்கிறது என்று படித்ததும் சந்தோஷம். இங்கே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. ஆர்டர் சித்தெ மந்தம், வாரத்தில் 4 நாள் சோலி. முதலாளி இன்னும் என்னை விடுகிறபாடில்லை. மிஷின் கட்டிங் வந்த பிறகும் குழந்தை உருப்படிக்கு என் கைதான் வேணுமாம்.

சரி, உன் விசனத்துக்கு வருகிறேன். பேத்தியின் தலை முன்னும் பின்னும் நீண்டு, பக்கம் ஒடுங்கி இருக்கிறது, மருமகள் ராத்திரியெல்லாம் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு தூங்குவதே இல்லை என்று எழுதியிருந்தாய். கடைசி வரியில், "உம்பட பேரனுக்கு வந்ததேதானா?" என்று கேட்டிருந்தாய்.

அதுவாக இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன். ஆனால் நான் டாக்டர் இல்லை, கட்டிங் மாஸ்டர். அதை மனசில் வைத்துக்கொண்டே படி.

பேரன் பிறந்தபோதே தலை நீளம். வழியில் அழுந்தி வந்திருக்கும், பத்து நாளில் உருண்டுவிடும் என்றார்கள். அப்படி ஆவதும் உண்டு. அம்மிச்சிக்காரி விளக்கெண்ணெயை எடுத்தாள். தண்ணி வாக்கும்போதெல்லாம் முன்னையும் பின்னையும் கை கொடுத்து அழுத்தினாள். குழந்தை வீரிட்டு அழும். உச்சிக்குழி இருக்கிற தலை, மாப்ள. இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது. 6 வாரத் தடுப்பூசிக்குப் போனபோது ஒரு டாக்டர் டேப் போட்டுப் பார்த்து, சுற்றளவு சரியாக இருக்கிறது, 6 மாசம் கழித்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

டேப் விஷயத்தில் எனக்கே வெட்கம். 40 வருஷமாக டேப் கழுத்தில் தொங்குகிறது. நெஞ்சு அகலமான ஆளுக்கும் தொந்தி முன்னால் தள்ளின ஆளுக்கும் சுற்றளவு ஒன்றாகவே வரும், சட்டை ஒன்றாக வராது. இது தெரிந்த நான், தலைக்கு மட்டும் ஒரு சுற்றளவை நம்பிக்கொண்டு திரும்பி வந்தேன்.

10 வார ஊசிக்குப் போனபோதுதான் நர்சம்மா ஒருத்தர் குழந்தையின் நடு உச்சியில், வகிடு எடுக்கிற இடத்தில், விரலை ஓட்டினார். முன்னிருந்து பின்னாக வரப்பு மாதிரி ஒரு மேடு. என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். "இது படுக்கையில ஆனது இல்லீங்க, மூளை நரம்பு சர்ஜன்கிட்டக் காட்டுங்க" என்றார்.

சர்ஜன் காகிதத்தில் படம் போட்டுச் சொன்னார். குழந்தை மண்டை ஒரே ஓடு இல்லை. துண்டு துண்டாக வெட்டி, நடுவில் தையல் விட்ட மாதிரி இருக்கும். சூச்சர் என்று சொன்னவர், என் கழுத்து டேப்பைப் பார்த்தாரோ என்னவோ, "தையல்னே வெச்சுக்குங்க" என்றார். முதல் வருஷத்தில் மூளை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அது வளர வளர இந்தத் தையல்கள் இளகி இடம் விடவேண்டும். நெற்றித் தையல் மட்டும் முதல் வருஷத்திலேயே மூடிவிடும், மற்றவை பெரிய ஆள் ஆகும்வரைக்கும் மூடாது. பேரனுக்கு நடு உச்சித் தையல் பிறக்கும் முன்னேயே ஒட்டிக்கொண்டது. பக்கவாட்டில் விரிய வழியில்லை. மூளை என்ன செய்யும், முன்னாலும் பின்னாலும் தள்ளுகிறது. நெற்றி புடைத்து, பின்மண்டை துருத்தி வந்தது அதனால்தான். மூடிய தையலுக்குக் குறுக்கே வளர்ச்சி நிற்கும் என்று ஜெர்மனியில் விர்ஷோ என்கிற டாக்டர் 1851லேயே எழுதி வைத்துவிட்டாராம்.

இதற்குப் பெயர் ஸ்கேஃபோசெஃபலி, படகு மாதிரித் தலை என்று அர்த்தம். நம்ம பக்கம் படகு ஏது? பவானியில் பரிசல்தான், அதுவும் வட்டம்!

5000 குழந்தைக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது. பெண் குழந்தையைவிட ஆண் குழந்தைக்கு 3, 4 மடங்கு எச்சு. பெரும்பாலும் எதனால் என்று காரணம் காட்ட முடியாது. இதைச் சொல்லக் காரணம், சம்பந்தி வீட்டில் ஒரு கிழவி, கிரகணத்தன்று என் மகள் வெளியே வந்ததால்தான் இப்படி என்று சொல்லி, பிள்ளை ஒரு மாசம் அழுதாள். உன் மருமகளிடம் யாராவது அப்படி வாயைத் திறந்தால் நீயே அதட்டி விடு.

இப்போது உன் பேத்தி. 32 வாரத்தில் பிறந்தாள், கண்ணாடிப் பெட்டியில் 3 வாரம் இருந்தாள் என்று எழுதியிருக்கிறாய். குறைமாசக் குழந்தையின் மண்டை எலும்பு மெத்துமெத்தென்று இருக்கும். பெட்டிக்குள் தலையை ஒருக்களித்துப் போட்டே வைப்பதால் இரண்டு பக்கமும் ஒடுங்கித் தலை நீண்டுவிடும். வயிற்றில் கால் கீழாகக் கிடந்த குழந்தைக்கும் இப்படி ஆகும். இங்கே தையல் திறந்தேதான் இருக்கும், நடு உச்சியில் வரப்பு இருக்காது, மாசம் ஆக ஆகத் தலை தானாகத் தேறிவரும். டோலிகோசெஃபலி என்பார்கள். கத்தியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தூங்கும்போது மல்லாக்கப் போட வேண்டும், முழித்திருக்கும்போது பக்கத்திலேயே இருந்து குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்ட வேண்டும். தொட்டிலிலேயே நாள் முழுக்கக் கிடக்கவிடாமல் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடுகுத் தலையணை வாங்கியிருந்தால் எடுத்து அட்டாலியில் போடு, இந்த வயசுக்குத் தலையணையே ஆகாது. எண்ணெய் தேய்க்கட்டும், அழுத்தக் கூடாது. ஒட்டின தையலை எந்தக் கையும் அழுத்திப் பிரிக்க முடியாது, ஒட்டாத தலைக்கு அழுத்தமே தேவையில்லை.

இவ்வளவு சொன்னதால் காட்டாமல் இருந்துவிடாதே. எங்கள் தப்பு அதுதான். சர்ஜனைப் பார்த்தபோது பேரனுக்கு இரண்டரை மாசம். அவர் ஒரு கவராயத்தை வைத்து அளந்தார், நீளம் 15 சென்டிமீட்டர், அகலம் 10. அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க 67. சாதாரணமாக 75க்கு மேல் இருக்குமாம். பால் குடித்துத் தூங்கினபோதே ஸ்கேன் எடுத்தார்கள், தையல் இருக்கவேண்டிய கோடே அதில் இல்லை. 3, 4 மாசத்துக்குள் என்றால் சின்னதாக 2 இடத்தில் கீறி, குழாய்க் கேமரா விட்டு அந்த எலும்புப் பட்டையை எடுத்துவிடலாம், பிறகு ஒரு வயசு வாக்கில் வரைக்கும் ஹெல்மெட் போடவேண்டும், குளிக்கிற நேரம் தவிர என்றார். தலையைத் திறப்பதா என்று ஒறம்பரை எல்லாம் கூடிப் பேசினார்கள். ஒருத்தர் ஆடி போகட்டும் என்றார், இன்னொருத்தர் ஜாதகத்தோடு வந்தார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பேசிப் பேசியே அந்த வாய்ப்புப் போயிற்று.

8ஆம் மாசம் பெரிய ஆபரேஷன். காதிலிருந்து காது வரைக்கும், நேர்கோடாக இல்லாமல் நெளிநெளியாக வெட்டினார்கள். முடி வளர்ந்தால் வடு மறைய வேண்டும் என்றுதான் அப்படி. துணி பிரியாமல் இருக்க நாங்கள் ஜிக்ஜாக் கத்திரி போடுவோமே, அதே பல். எலும்பைத் துண்டாக்கி அகலப்படுத்தி அடுக்கினார்கள். ரத்தம் ஏற்றவேண்டி வந்தது, கம்பெனிப் பையன்கள் வந்து கொடுத்தார்கள். மறுநாள் நீ வந்தபோது கண் இரண்டும் மூடிக்கொள்கிற அளவுக்கு முகம் வீங்கிக் கிடந்தான், நீ ஒரு வார்த்தை பேசாமல் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போனாய். 3ஆம் நாள் கண் திறந்தது, 6ஆம் நாள் வீட்டுக்கு வந்தான். எலும்புக்கு நடுவே விட்ட சந்தெல்லாம் அந்த வயசில் தானாகப் புது எலும்பு கட்டி மூடிக்கொள்ளுமாம். கொஞ்சம் பேருக்கு மண்டைக்குள் அழுத்தம் ஏறும் என்பதால் கண் டாக்டரிடமும் காட்டச் சொல்கிறார்கள், அதற்கு இன்னும் போய்வருகிறோம்.

போன தையில் குலதெய்வம் கோயிலில் மூன்றாவது வயசு மொட்டை. நாவிதர் தண்ணீர் தொட்டுக் கத்தியை ஓட்டிக்கொண்டு வந்தவர், வடு தெரிந்ததும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வளைஞ்சு போங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். மாமன் மடியில் உட்கார்ந்துகொண்டு இவன் பொரி தின்றுகொண்டிருந்தான்.

ஆகவே மாப்ள, இந்த வாரமே ஊர் நர்சம்மாவிடம் தூக்கிக்கொண்டு போய், நடு உச்சியில் விரல் ஓட்டிப் பார்க்கச் சொல். அவர் சரி என்றாலும் ஒரு தடவை குழந்தை டாக்டரிடம் காட்டு. கழுத்தை ஒரே பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறாளா என்றும் கேள். பெட்டியில் இருந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளும் தாய் சேய் அட்டையும் பையில் இருக்கட்டும். உச்சிக்குழி புடைத்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, எழுப்பினாலும் முழிக்காமல் கிடந்தாலோ கடுதாசியும் வேண்டாம் நர்சம்மாவும் வேண்டாம், ராத்திரியானாலும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

வரும்போது கொள்ளு 2 படி கொண்டுவா, கடைக் கொள்ளு வேகமாட்டேன் என்கிறது. பேத்திக்கு மெத்தென்ற இன்டர்லாக் துணியில் 2 குல்லா வெட்டி வைக்கிறேன். அளவு எழுது. சுற்றளவோடு நிறுத்திவிடாதே, நீளமும் அகலமும் தனித்தனியாக வேண்டும்.

உன் மச்சான்