அம்மாவை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு

அன்புள்ள நர்ஸ் அக்காவுக்கும், பக்கத்து வீட்டு அத்தைக்கும், வேன் அண்ணனுக்கும், டாக்டரம்மாவுக்கும்,

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "பேரைப் போடாதே. மற்றதை எழுது, ஒளித்து வைத்தது போதும்" என்றாள்.

அம்மாவுக்கு அடி இறங்கி, அதாவது கர்ப்பப்பை கீழே சரிந்து, ஒன்பது வருடம். நாலு பிள்ளை பெற்று, பெற்ற சில நாளிலேயே தண்ணீரும் விறகும் தூக்கிய உடம்பு. தாங்கிப் பிடிக்கும் தசை தளர்ந்தால் கர்ப்பப்பை கீழே சரியும் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். இத்தனை வருடமும் அதே வீட்டில்தான் இருந்தேன்.

நடுவில் ஒருமுறை துணிந்து தனியாக ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். சீட்டு எழுதும் இடத்தில், பின்னால் ஆண்கள் வரிசையாக நிற்க, "என்னம்மா செய்யுது?" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறார்கள். "தலைவலி" என்று சொல்லிவிட்டாள். அந்த மாத்திரை அட்டை பிரிக்காமல் இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

நர்ஸ் அக்கா, நீங்கள் வந்தது பிரஷர் பார்க்க. அம்மா ஒருக்களித்து உட்கார்ந்ததைக் கவனித்தீர்கள். எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, "இருமினால் ஒண்ணுக்கு கசியுதா?" என்று மெதுவாகக் கேட்டீர்களாம். அந்தக் கேள்விக்குத்தான் அம்மா அழுதாள். பிரசவத்தில் பெண்கள் சாவதற்குக் காரணம் மூன்று தாமதங்கள் என்று செரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-இல் எழுதியதைப் பிறகு எனக்குச் சொன்னீர்கள்: போக முடிவெடுப்பது, போய்ச் சேர்வது, சேர்ந்தபின் சரியான வைத்தியம் கிடைப்பது. அம்மாவுக்கு முதலாவதிலேயே ஒன்பது வருடம் போயிருக்கிறது.

அப்புறமும், "மாட்டை யார் பார்ப்பது?" என்றாள். சாக்கு என்று நினைத்து எரிச்சல்பட்டேன். சாக்கு இல்லை, கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். அத்தை, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு நாள் கறந்து கொடுத்தீர்கள். வேன் அண்ணா, கடைசி பஸ் போன பிறகும் காத்திருந்தீர்கள். பள்ளம் வரும்போதெல்லாம் வண்டியை நடக்கவிட்ட மாதிரி ஓட்டினீர்கள். நீங்களும் எதுவும் கேட்கவில்லை.

டாக்டரம்மா, திரையை இழுத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தீர்கள். ஆபரேஷன் என்று பயந்து வந்தவளிடம் கையளவு சிலிக்கோன் வளையம் ஒன்றைக் கொடுத்து, முதலில் தொட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். இப்போதைக்கு இதை உள்ளே வைத்தால் தாங்கும் என்று பொருத்தி, தசைக்கான பயிற்சியும் சொல்லித் தந்தீர்கள். "இவ்வளவுதானா?" என்று அம்மா கேட்டதில் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது.

அப்பாவுக்கும் நன்றி சொல்லச் சொன்னாள் அம்மா, தடுக்காமல் இருந்ததற்காக. சரி, எழுதிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து வளையத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை, மாட்டுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
மூத்த மகள்