அந்தியூரில் வாங்கிய சாட்டை

அன்புள்ள பழனிசாமிக்கு,

உன் கடிதம் ஆடி பிறந்த வாரமே கிடைத்தது. குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் பேரனுக்கு ஒரு சாட்டை வாங்கிவரச் சொல்லியிருந்தாய். வாங்கிவிட்டேன், ஆனால் அது கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

சலங்கையும் மூக்கணாங்கயிறும் விற்கும் கடைகளில் தொங்கிய சாட்டைகளில் பெரும்பாலானவை, பிளாஸ்டிக் குழாயில் நைலான் கயிற்றைச் செருகியவை. அடி முதல் நுனி வரை ஒரே பருமன். நம் அப்பாக்கள் வைத்திருந்தது அப்படியா? மூங்கில் பிடியில் தடித்துத் தொடங்கும் தோல்வார்ப் பின்னல், போகப் போக மெலிந்து, கற்றாழை நாரில் முறுக்கிய ஒரு சாண் நுனியாக முடியும். அந்த மெலிவில்தான் சூட்சுமமே இருக்கிறது. சொடுக்கும்போது கையிலிருந்து கிளம்பும் அலை, மெலியும் வாரில் ஓட ஓட வேகம் கூடி, நுனியில் ஒலியின் வேகத்தையே, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. நாம் கேட்கும் 'பளீர்' ஓசை வார் எதன்மீதும் பட்டு எழுவதன்று, வெறுங்காற்றில் பிறப்பது. ஒரே பருமனான கயிற்றில் அது எளிதில் எழாது. ஓசை எழாத சாட்டையை வைத்திருப்பவன் வேறென்ன செய்வான்? அடிப்பான். சந்தையில் சில காளைகளின் முதுகே அதைச் சொன்னது.

என் தந்தை மந்தைக்குப் பத்தடி பின்னால் நடந்தபடி, விலகி ஓடும் கிடாரிக்குப் பக்கத்துக் காற்றில்தான் சொடுக்குவார். அது தானாகத் திரும்பிவிடும். மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிட, மாட்டுக்கு 35,000 வரை கேட்கும் என்று பின்னாளில் படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. தார்க்குச்சியை மட்டும் அவர் தொட்டதே இல்லை. ஆணி பொருத்திய கோலால் மாட்டை ஓட்டக் கூடாதென்று 1965ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்பு விதிகளே தடுக்கின்றன. இருந்தும் அன்று இரண்டு பேர் கையில் பார்த்தேன், ஒருவரிடம் சண்டையும் போட்டேன்.

கடைசியில், சந்தையின் ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் தோல்சாட்டை கிடைத்தது. விலை சற்றுக் கூடுதல்தான், பேரம் பேச மனம் வரவில்லை. மாற்று நுனிகள் மூன்றும் சேர்த்துப் பேருந்தில் அனுப்புகிறேன். மாதம் ஒருமுறை வாருக்கு விளக்கெண்ணெய் தடவச் சொல். பழகும் வரையில் பேரன் கண்ணாடி அணிந்தே சொடுக்கட்டும். முதல் நாள் சாட்டை நுனி அவன் காதைத்தான் தேடி வரும்.

அன்புடன்,
முத்துசாமி